சைலன்சர் ஓட்டையைச் சத்தம்தானே என்று விடாதீர்கள்

நம் உறுப்பினர்களில் பலர் இன்னும் பழைய மாருதி ஆம்னி வேனை வைத்துத்தான் தொழில் நடத்துகிறோம். 2019-ல் கம்பெனி அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் மூட்டை ஏற்ற அதைப் போல் வசதியான வண்டி அமையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் வண்டியும் தண்ணீரில் நின்றது. சில மாதங்களில் சைலன்சர் கத்த ஆரம்பித்தது. மெக்கானிக் இரண்டு முறை பற்றவைத்துக் கொடுத்தார். மூன்றாம் முறை சத்தம் வந்தபோது, "சத்தம்தானே" என்று விட்டுவிட்டேன். பூந்தமல்லிக்கு வசூலுக்குப் போய்வரும் நாளெல்லாம் தலைவலி. வயதின் கோளாறு என்று நினைத்தேன். ஒருநாள் கூட வந்த பேரன் தலை சுற்றுகிறது என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் தரை இடுக்குகள் வழியே புகை உள்ளே ஏறும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையுமில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஷட்டரை இறக்கிய குடோனுக்குள் வண்டியை ஓடவிடுவதும் இதே ஆபத்துதான்.

வெள்ளத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வீடு, குடோன், கடை என்று நாம் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறோம். சைலன்சர் போதிய சூடு ஏறாததால் தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது.

ஜி.பி. ரோட்டில் சைலன்சர், கேஸ்கெட், ரப்பர் வளையம், போல்ட் நட்டு எல்லாம் பில்லோடு வாங்கி வந்தேன். சனிக்கிழமை இரவே, வண்டி ஆறியபின், துருப்பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தோம். ஞாயிறு காலை தங்கை மகன் வந்தான். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடைக்கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைத்தோம். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கண்ணில் துரு விழாமல் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் வளையம் வராமல் அடம்பிடித்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் வந்துவிட்டது. பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துப் புதியதைப் போட வேண்டும். எல்லா நட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் நேர்பார்த்த பிறகே இறுக்க வேண்டும். பற்றவைக்கும் வேலை இருந்தால் வீட்டில் செய்யாதீர்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. "அதைக் கழற்றினால் வண்டி பறக்கும்" என்று சொல்வார்கள். புகை அளவு மீறினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழுதாகி மாற்ற நேர்ந்தாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடைக்கு எடை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு வருபவரை வியாபாரி என்று எப்படிச் சொல்வது?

என்னுடையது நன்றாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை. பழைய சைலன்சரைக் காயலான் கடையில் போடுமுன் தரையில் தட்டினேன். கால் படி துருத்தூள் கொட்டியது.