சேரும் முன் சென்று பார்ப்போம்

ஒரு புடவை வாங்கப் போனாலும் நம் அன்னையர் அதை விரித்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கரையைத் தடவிப் பார்த்து, அதன் பிறகே விலை பேசுவர். ஆனால் ஐந்தாண்டுகள் தங்கிப் படிக்க வேண்டிய கல்லூரியைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது முறையா? "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமன்று.

நம் பள்ளியில் மேனிலை வகுப்பை முடித்துச் சட்டம் பயில விரும்பும் சகோதரியர் உண்டு. இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீடே மகிழ்கிறது. மறுநாளே கவலையும் வருகிறது. "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது? விடுதி எப்படி இருக்குமோ? பணத்துக்கு என்ன செய்வது?" இந்தக் கவலையிலேயே நாட்கள் கழிந்து, கடைசித் தேதியும் போய், கிடைத்த இடம் கைநழுவிவிடக் கூடும். அப்படி நேராமல் காக்க ஒரு நல்ல வழி, பெற்றோரும் மகளும் சேர்ந்து அக்கல்லூரியை நேரில் சென்று பார்த்து வருவதே. அதை எப்படித் திட்டமிடுவது என்பதை இங்கே காண்போம்.

எளிதில் திறக்காத கதவு

இன்று நாம் உரிமையோடு நுழையும் இந்தக் கதவு ஒரு காலத்தில் பெண்களுக்கு அடைத்திருந்தது. கர்னீலியா சொராப்ஜி என்னும் இந்தியப் பெண்மணி 1892ஆம் ஆண்டிலேயே ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். ஆனால் அதற்குரிய பட்டம் அவருக்கு 1922இல்தான் வழங்கப்பட்டது. ரெஜினா குகா என்பவர் சட்டம் பயின்று தேறியும், பெண் என்பதால் வழக்குரைஞராகப் பதிவு செய்ய முடியாது என்று 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1923இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்ட பின்பே அந்தத் தடை நீங்கியது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பி. ஆனந்தபாய் 1929இல் பதிவு செய்துகொண்டார்.

நமக்கு அருகிலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்குரைஞராகத் தொழில் செய்த ஆர். பானுமதி அவர்கள் 1988இல் மாவட்ட நீதிபதியானார். 2014 முதல் 2020 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். தமக்கு இரண்டு வயதானபோது தந்தை பேருந்து விபத்தில் இறந்தார் என்றும், தாயார் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றார் என்றும், நடைமுறைச் சிக்கல்களாலும் உதவி இல்லாமையாலும் அந்த இழப்பீடு கைக்கு வந்து சேரவில்லை என்றும் ஓய்வு பெறும்போது அவரே கூறினார். சட்டம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒரு விதவைத் தாய்க்கு என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? அத்தகைய தாய்க்குத் துணை நிற்கக் கற்பதற்கே நாம் சட்டக் கல்லூரிக்குச் செல்கிறோம். அதைக் கற்றுத் தரும் இடம்தானா என்று பார்ப்பதே நம் பயணத்தின் நோக்கம்.

எந்தக் கல்லூரி, எந்தக் காலம்?

மேனிலைக் கல்விக்குப் பின் சேரும் சட்டப் படிப்பு ஐந்தாண்டுப் படிப்பு. அதற்கு நம் மாணவியர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். பெங்களூரில் உள்ள தேசியச் சட்டப் பள்ளி 1988இல் முதல் வகுப்பைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் திருச்சிராப்பள்ளிக்கு வெளியே திண்டுக்கல் சாலையில், நவலூர் குட்டப்பட்டில் 2013 முதல் ஒன்று இயங்கி வருகிறது. இவற்றில் சேர 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு டிசம்பர் மாதத்தில் நடக்கிறது. ஆகவே மேனிலைப் பொதுத் தேர்வுக்கு முன்பே இட ஒதுக்கீட்டின் முதல் சுற்று தொடங்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட இடத்தை உறுதி செய்யச் சில நாட்களே தரப்படும்.

இரண்டாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியும், அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்த சட்டக் கல்லூரிகளும். இவற்றுக்கு மேனிலைத் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடைபெறும். சேலத்திலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருப்பது நம் மலைப் பிள்ளைகளுக்குப் பெரும் வசதி.

இடம் கிடைத்த பின் திட்டமிடலாம் என்று இருந்தால் நாட்கள் போதா. விண்ணப்பம் அனுப்பும்போதே, எந்தெந்தக் கல்லூரியைப் பார்க்க வேண்டும், யார் உடன் வருவது, எங்கே தங்குவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். செய்தி வந்தவுடன் கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, வந்து பார்க்க அனுமதியும் நாளும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வகுப்புகள் நடக்கும் நாளாகப் பார்த்துச் செல்வது முக்கியம். ஞாயிற்றுக்கிழமையிலும் பொங்கல் விடுமுறையிலும் சென்றால் கட்டிடத்தைத்தான் பார்க்கலாம். கல்லூரியைப் பார்க்க முடியாது. கலந்தாய்வு நடக்கும் கோடைக் காலத்தில் பல கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும். அப்போது விடுதியையும் நூலகத்தையுமாவது திறந்து காட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டு செல்லலாம்.

புறப்படும் முன்

முகவரியைச் சரிபார்ப்பது முதல் வேலை. சென்னைச் சட்டக் கல்லூரி என்றதும் பெரியவர்கள் பலருக்கும் உயர் நீதிமன்றத்தின் அருகே உள்ள பழைய சிவப்புக் கட்டிடமே நினைவுக்கு வரும். 1891இல் தொடங்கிய அக்கல்லூரி 2018இல் அங்கிருந்து மாற்றப்பட்டுவிட்டது. இப்போது அது புதுப்பாக்கத்திலும் பட்டரைப்பெரும்புதூரிலும் இரு கல்லூரிகளாக நடைபெறுகிறது. பழைய நினைவில் பாரிமுனையில் போய் இறங்கினால் அரை நாள் வீண். அதுபோல், பல்கலைக்கழக அலுவலகம் ஓரிடத்திலும் வகுப்புகள் வேறிடத்திலும் இருக்கலாம். இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். நாகலூர், வெள்ளக்கடை போன்ற ஊர்களிலிருந்து வருவோர் அதற்கு முன் ஏற்காட்டுக்கே ஒரு பேருந்து பிடிக்க வேண்டும். சேலத்திலிருந்து திருச்சி செல்ல மேலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே முதல் நாள் மாலையே இறங்கிச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் புறப்படுவது நல்லது. திரும்பி வரும்போது மலைக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் முன்னரே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உடன் வருபவர் யார்? வீட்டில் "போகலாம்" என்று சொல்லும் பொறுப்பு யாருடையதோ, அவர் அவசியம் வர வேண்டும். அன்னையர் வருவது மிகவும் நன்று. தந்தையர் பார்க்க மறக்கும் பலவற்றை அவர்கள் கண்கள் கண்டுபிடித்துவிடும்.

சான்றிதழ்களின் நகல்களையே கொண்டு செல்வோம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடம் திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. பார்க்க மட்டும் போகிற நாளில் அசலுக்குத் தேவையே இல்லை. பெரும் தொகையும் வேண்டாம். அங்கேயே கட்டிவிடத் தூண்டினாலும், "வீட்டில் கலந்து பேசி வருகிறோம்" என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

கண்ணால் காண வேண்டியவை

நூலகம்: சட்டம் பயில்வோருக்கு நூலகமே பட்டறை. புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, மாணவர் கையில் இருக்கின்றனவா? மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பெண்கள் அதுவரை அமர்ந்து படித்துவிட்டு விடுதிக்குத் திரும்ப வழி உண்டா?

வகுப்பறை: ஆசிரியர் இசைந்தால் பின் வரிசையில் அமர்ந்து ஒரு பாடத்தைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் நமக்கு எவ்வளவு புரிகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். புரியாவிட்டால் அஞ்ச வேண்டாம். முதலாண்டில் துணை வகுப்பு உண்டா, தேர்வைத் தமிழில் எழுத இடமுண்டா என்று கேட்டறிய வேண்டும்.

மாதிரி நீதிமன்றம்: மாணவர்கள் வழக்காடிப் பழகும் கூடம் இது. அங்கே தூசி படிந்திருந்தால் பழக்கம் இல்லை என்று பொருள். சென்ற ஆண்டு எத்தனை பெண்கள் அங்கே எழுந்து பேசினார்கள் என்று கேட்கலாம்.

சட்ட உதவி மையம்: இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். நம் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? காட்டு நிலத்தில் தலைமுறையாக உழுது வருவோருக்கு 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி மனு எழுதவும் ஆள் வேண்டுமே! மாணவரைக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று இப்பணியைப் பழக்கும் கல்லூரி நல்ல கல்லூரி.

விடுதி: அறை, குளியலறை, கழிப்பறை, தாழ்ப்பாள், குடிநீர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மலைக்குளிரில் வளர்ந்த நமக்குத் திருச்சி வெயில் புதிது. கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு உண்டா, இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார் என்று விடுதிக் காப்பாளரைக் கேட்க வேண்டும். முடிந்தால் உணவுக் கூடத்தில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்ப்போம்.

காதால் கேட்க வேண்டியவை

அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்று. மூத்த மாணவியரிடம் கேட்க வேண்டியது வேறொன்று.

அலுவலகத்தில் பணக் கணக்கைக் கேட்போம். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டால் போதாது. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, திருப்பித் தரும் வைப்புத் தொகை எனப் பிரித்து, ஐந்தாண்டுக்கும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும். சேர்ந்த பின் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் விலக வேண்டும்? உதவித் தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது? அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. தகுதி உடையோர் அதையும் விசாரிக்கலாம். தனியார் கல்லூரியாயின், இந்திய வழக்குரைஞர் கழகத்தின் ஏற்பு உள்ளதா என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்த ஏற்பு இல்லாத பட்டத்தைக் கொண்டு வழக்குரைஞராகப் பதிவு செய்ய இயலாது.

மூத்த மாணவியரைத் தனியே சந்தித்துப் பேசுவது மிக நல்லது. "ஆசிரியர்கள் தவறாமல் வருகிறார்களா? இருட்டிய பின் வெளியிலிருந்து திரும்ப அச்சமில்லையா? ராகிங் உண்டா?" என்று மனம் விட்டுக் கேட்கலாம். ராகிங்கைத் தடுக்க நம் மாநிலத்தில் 1997 முதலே சட்டம் உள்ளது. இருப்பினும், புகார் செய்தால் கேட்பவர் யார் என்பதை அங்கிருப்போர்தாம் சொல்ல முடியும். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரங்கள் வழக்குரைஞர்களிடமோ பிற அமைப்புகளிலோ பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. அந்த இடத்தைக் கல்லூரி தேடித் தருகிறதா, மாணவியே தேட வேண்டுமா? வழக்குரைஞர் உறவினர் எவரும் இல்லாத நம் வீட்டுப் பெண்ணுக்கு இது பெரிய கேள்வி.

கேட்டவற்றை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். இரண்டு கல்லூரிகளைப் பார்த்தால் இரண்டிலும் அதே கேள்விகளைக் கேட்போம். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

செல்ல இயலாதவர்களுக்கு

எல்லோராலும் பயணச் செலவு செய்ய இயலாது. தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெற்றோர் இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும். அவர்கள் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே பயிலும் சேலத்து மாணவி ஒருவரோடு பேச வழி செய்யுமாறு கேட்கலாம். நம் ஆசிரியைகளையும் அருட்சகோதரியரையும் அணுகினால், முன்னாள் மாணவியர் மூலம் விசாரித்துச் சொல்வார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள நீதிமன்ற வளாகத்தையேனும் ஒரு நாள் பார்த்து வரலாம். நம் நாட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றங்களே. அனுமதி கேட்டு, அமைதியாக அமர்ந்து, நாம் தேர்ந்தெடுத்த தொழில் எப்படி நடக்கிறது என்று கவனிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்புள்ள பெற்றோரே, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் பாராமலே "வேண்டாம்" என்று சொல்வதும், பாராமலே பணம் கட்டுவதும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. சென்று பாருங்கள். பார்த்த பின் நீங்கள் "வேண்டாம்" என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மகளும் அதைப் புரிந்துகொள்வாள். பார்த்த பின் "போய் வா, அம்மா" என்றால், முதல் மாதத்தில் வீட்டை நினைத்து அழும்போது அவளுக்கு அதுவே தெம்பு தரும். அவள் எந்தக் கட்டிலில் உறங்குகிறாள், எந்த மேசையில் படிக்கிறாள் என்பதை அறிந்த தாய்க்கும் இரவில் உறக்கம் வரும்.

தங்கையரே, திரும்பி வந்த மறுநாளே குறிப்பேட்டை நடுவில் வைத்து வீட்டாரோடு அமர்ந்து பேசுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாட்கள் முன்னதாகவே முடிவு செய்துவிடுங்கள். முடிவு செய்த பின் வீண் சந்தேகங்களுக்கு இடம் தராமல் படிப்பில் மனத்தைச் செலுத்துங்கள். நமக்கு முன் வந்த பெண்கள் நெடுங்காலம் தட்டித் திறந்த கதவு அது. கண்ணைத் திறந்துகொண்டு, தலை நிமிர்ந்து, உள்ளே செல்வோம்.