மூக்கும் மலைப்பாதையும்

நம் கன்னங்களிலும் நெற்றியிலும், மூக்கின் இரு பக்கங்களிலும் உள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. இவற்றையே சைனஸ் என்கிறோம். ஒவ்வோர் அறையும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துளையின் வழியாக மூக்கினுள் திறக்கிறது. இத்துளை அடைபட்டால் சளி தேங்கும், கிருமிகள் பெருகும், முகமும் தலையும் வலிக்கும். மருந்தால் தீராதபோது அறுவை மருத்துவம் செய்து துளையைப் பெரிதாக்குவார்கள். இதற்கு முகத்தை வெட்ட வேண்டியதில்லை. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில இயற்பியலறிஞர் 1960-ஐ ஒட்டி வகுத்த கண்ணாடித்தண்டு வில்லைகள் கொண்ட உள்நோக்கியை மூக்குத் துவாரத்தின் வழியே செலுத்திப் பார்த்துக்கொண்டே அறுவை செய்கிறார்கள்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். அது ஆறுவது வீட்டில்தான். மருத்துவர் கொடுக்கும் அறிவுரைத் தாளில் “மூக்கைச் சிந்தாதீர்கள்”, “உப்பு நீரால் கழுவுங்கள்” என்றெல்லாம் இருக்கும். ஏன் என்று தெரியாததால் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ‘ஏன்’ உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

உங்கள் மாமா ஒருவர் கோயம்புத்தூரில் சைனஸ் அறுவை செய்துகொண்டு, உதகமண்டலத்திலுள்ள தம் வீட்டிற்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சோதனை மலைப்பாதையிலேயே தொடங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் உயரம் 326 மீட்டர். உதகை நிலையத்தின் உயரம் 2,203 மீட்டர். காற்றழுத்தம் கீழே ஏறத்தாழ 73 செ.மீ. பாதரசம், மேலே ஏறத்தாழ 58 செ.மீ. மட்டுமே. உடலின் வெப்பநிலை மாறுவதில்லை. ஆகவே இங்கே பாயில் விதியைப் பயன்படுத்தலாம். கன்னத்து சைனஸின் கொள்ளளவு சுமார் 15 மி.லி. மேட்டுப்பாளையத்தில் அதை நிரப்பிய காற்று உதகையில் எவ்வளவு இடம் கேட்கும்? 15 × 73 ÷ 58, அதாவது ஏறத்தாழ 19 மி.லி.

அந்த 4 மி.லி. காற்று எங்கே போகும்? துளை திறந்திருந்தால் தானாக வெளியேறிவிடும். அறுவைக்குப் பின் சில நாட்கள் அங்கே வீக்கமும் இரத்தக் கட்டியும் அடைத்திருக்கக் கூடும். அப்போது காற்று உள்ளிருந்து அழுத்தும், வலி எடுக்கும். மறுபரிசோதனைக்காக மலையிறங்கும்போது நிலைமை தலைகீழாகும். அறைக்குள் அழுத்தம் குறைந்து, புதிய புண் உள்ளே இழுக்கப்படும். ஆகவே மலை வீட்டினர் பயணத்திற்கு உரிய நாளை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்பே புறப்பட வேண்டும்.

இப்போது மூக்கைச் சிந்துவதைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மூக்கைச் சிந்தும்போது அதனுள் எழும் அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 66 மி.மீ. பாதரசம்! நாம் மேலே கண்ட மலைப்பாதையின் முழு வேறுபாடே 150 மி.மீ.தான். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தை ஒரே நொடியில் மாமா தம் புண்ணின் மீது ஏவிவிடுகிறார். இயல்பான தும்மலில் அதே அழுத்தம் 10 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் வாயை மூடி, மூக்கைப் பிடித்துத் தும்மலை அடக்கினால் அழுத்தம் பன்மடங்காகும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது குளிர். மார்கழி, தை மாத இரவுகளில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படிவதைக் கண்டிருப்பீர்கள். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். உடல் வெப்பநிலையான 37 டிகிரியிலோ 44 கிராம் தாங்கும். இந்தக் குறையை ஒவ்வொரு மூச்சிலும் நிரப்புவது மூக்கின் ஈரச் சவ்வு. அறுவைக்குப் பின் அச்சவ்வு இவ்வேலையைச் சரிவரச் செய்யாது. உள்ளே பொருக்குத் தட்டும். குளிருக்கு அறையைச் சூடாக்கினால் போதுமா? அதே பனிக்காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடும். மூடிய அறையில் கரிக் கணப்பு வைப்பதோ மிகவும் தவறு. அதன் புகை புண்ணை உறுத்தும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டிலுள்ளோர் உயிரையே குடிக்கும்.

பொருக்கை இளக்குவதற்கே உப்பு நீர். வெறும் நீர் எரியும். சவ்வூடு பரவலால் செல்களுக்குள் நீர் புகுந்து அவற்றைப் பருக்கச் செய்யும். லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள கரைசல் உடல் நீர்மத்திற்கு ஈடானது, அதனால் எரியாது. மருத்துவர் தரும் உப்புப் பொட்டலத்தைச் சொன்ன அளவு நீரில் கரைத்தால் போதும்.

ஆனால் எந்த நீர்? குழாய் நீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. நெக்லேரியா என்னும் ஓரணு உயிரி இருக்கும் நீரைக் குடித்தால் தீங்கில்லை. மூக்கின் வழியே சென்றாலோ மூளையைத் தாக்கும். அமீபா மூளைக்காய்ச்சல் 2024, 2025 ஆண்டுகளில் அண்டை மாநிலமான கேரளத்தில் பலரைப் பாதித்தது. எனவே காய்ச்சி ஆறவைத்த நீரோ, வாலைவடி நீரோதான் ஏற்றது. காய்ச்சுவதிலும் மலைக்கென ஒரு கணக்கு உண்டு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். உதகையில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. எனவேதான், சமவெளியில் தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும் நீரை, சுமார் 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க விடச் சொல்கிறார்கள். பின் மூடி வைத்து ஆற விட வேண்டும்.

நிற்காத இரத்தப்போக்கு, பார்வை மாற்றம், கழுத்து விறைப்பு, கடுங்காய்ச்சல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஓயாமல் சொட்டுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நீலகிரியில் படிக்கும் மாணவர்களே! உங்கள் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் துணையுடன், கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். சமவெளியிலுள்ள நண்பரையும் அவ்வாறே செய்யச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். அந்த ஏழு டிகிரி வேறுபாட்டை நேரில் கண்ட பின், உங்கள் வீட்டில் யாரும் நீரை அரைகுறையாகக் காய்ச்ச விடமாட்டீர்கள்.