பூட்டும் திறவுகோலும்: டீ.வீ.டீ. இறுவட்டின் காப்பு முறை

சில ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டன் மாநகரில் வதியும் உறவினர் ஒருவர் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய விவரணப் படமொன்றை டீ.வீ.டீ. இறுவட்டாக வாங்கி எமக்கு அனுப்பியிருந்தார். விலை கொடுத்து நேரிய வழியிற் பெற்ற பொருள் அது. எனினும், வகுப்பிலே மாணவர்க்குக் காட்ட முற்பட்டபோது கணினி அதனை ஏற்க மறுத்தது. வலயம் பொருந்தவில்லை என்னும் அறிவித்தலே திரையிற் றோன்றிற்று. வாங்கியவனுக்கே திறவாத இப்பூட்டு எத்தகையது, எவ்வாறு இயங்குவது, எவ்வாறு உடைந்தது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டீ.வீ.டீ. இறுவட்டு 1996ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுடைய இவ்வட்டின் ஒரு படையில் 4.7 கிகாபைற் அளவான தரவு அடங்கும். ஒரே பக்கத்தில் இருபடை கொண்டதாயின் 8.5 கிகாபைற் அடங்கும். இது பெரிய அளவாகத் தோன்றினும், அசையும் படத்துக்குச் சிறிதேயாம். ஐரோப்பிய முறைப்படி ஒரு படத்தில் 720 × 576 புள்ளிகள் உள. செக்கனுக்கு 25 படங்கள் ஓடுகின்றன. புள்ளி ஒன்றுக்கு 3 பைற் எனக் கணக்கிட்டால், 4.7 கிகாபைற் இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். இரண்டு மணி நேரப் படத்தை அடக்குதற்கு எம்பெக்-2 என்னும் சுருக்கமுறை கையாளப்படுகின்றது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதாது, மாறியவற்றை மட்டும் குறித்தலே இம்முறையின் உயிர்நாடி.

இனி, வட்டினுள் உள்ள கோப்புகளை நோக்குவோம். அவை மூவகைப்படும். வீ.ஓ.பீ. என்பது படமும் ஒலியும் துணையுரையும் ஒருங்கே பொதிந்த பெருங்கோப்பு. ஒவ்வொன்றும் 1 கிகாபைற்றுக்கு மேற்படாது துண்டு துண்டாக வைக்கப்பட்டிருக்கும். ஐ.எவ்.ஓ. என்பது எந்த அத்தியாயம் எங்குத் தொடங்குகின்றது, எம்மொழி ஒலி எங்குள்ளது என்பவற்றைக் காட்டும் அட்டவணை. பீ.யூ.பீ. என்பது அவ்வட்டவணையின் மறுபிரதி. வட்டிலே கீறல் விழுந்து முன்னையது பழுதுறின் இது துணைசெய்யும்.

இக்கோப்புகளைக் காக்கும் தடைகளும் மூன்று. முதலாவது வலயக் குறியீடு. உலகம் ஆறு வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் முதலாவது. மேற்கு ஐரோப்பாவும் யப்பானும் இரண்டாவது. இந்தியாவும் இலங்கையும் ஐந்தாவது. கணினியின் வட்டியக்கி தன் வலயத்தைப் பொதுவாக ஐந்து முறை மட்டுமே மாற்றிக்கொள்ளும். எமது வகுப்பறையில் நிகழ்ந்தது இத்தடையே. திருட்டைத் தடுத்தலன்று, சந்தையைப் பங்கிடுதலே இதன் பயன் என்பது வெளிப்படை. இரண்டாவது, மக்றோவிசன் என்னும் ஏற்பாடு. ஒளிநாடாவிற் பதிவு செய்ய முயன்றால் படத்தின் ஒளியளவைக் குழப்புவது அது.

மூன்றாவதே முதன்மையானது. சீ.எஸ்.எஸ். எனப்படும் இம்முறையில் படத்தின் தரவு மறைகுறியாக மாற்றி எழுதப்படுகின்றது. அதனைத் திறக்கும் தலைப்புத் திறவுகோல், வட்டுத் திறவுகோலினாற் பூட்டப்பட்டுள்ளது. வட்டுத் திறவுகோலோ, உரிமம் பெற்ற இயக்கிகளுக்கு வழங்கப்பட்ட நானூற்றுக்கு மேற்பட்ட திறவுகோல்களால் தனித்தனியே பூட்டப்பட்டு, வட்டின் உட்புற விளிம்பிலே மறைத்து வைக்கப்பட்டுள்ளது. வெற்று வட்டுகளில் அப்பகுதியில் எழுத இயலாது. ஆகையால், கோப்புகளை மட்டும் பிரதிசெய்தவன் திறவுகோலின்றிக் குழம்பிய படத்தையே காண்பான். ஆனால், ஆலையில் வட்டுகளை அச்சிட்டு விற்கும் கள்ள வணிகன், திறவுகோலையும் பூட்டையும் உள்ளவாறே சேர்த்து அச்சிட்டுவிடுவான். அவனுக்கு இப்பூட்டு தடையாகாது. தடைப்பட்டவன் வீட்டிலே இருந்து ஒரு பிரதி எடுக்க முனைந்தவனே.

இப்பூட்டு மூன்றாண்டு தானும் முழுமையாக நிலைக்கவில்லை. திறவுகோலின் நீளம் 40 பிற் மட்டுமே. அதாவது இயலக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 1.1 இலட்சங் கோடி. கணினிக்கு இஃது எட்டாத எண்ணன்று. முறையின் அமைப்பிலிருந்த குறைகளோ தேடலை இன்னும் எளிதாக்கின. 1999ஆம் ஆண்டு, இயக்கி மென்பொருள் ஒன்றிலே திறவுகோல் சரிவர மறைக்கப்படாதிருந்தமை கண்டறியப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், நோர்வே நாட்டைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், வேறிருவருடன் சேர்ந்து ஆக்கிய டீ-சீ.எஸ்.எஸ். என்னும் மென்பொருளை வெளியிட்டான். பூட்டைத் திறக்கும் கருவியை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிட்டு, அதை எவரும் ஆராயாதிருப்பர் என எதிர்பார்த்ததே இம்முறையின் அடிப்படைப் பிழை என்க.

பூட்டு நீங்கியபின் வட்டிலுள்ளதைக் கணினிக்கு மாற்றுதலை றிப்பிங் என்பர். அது மூவகையாக நிகழும். வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுப்பது ஐ.எஸ்.ஓ. பிரதி. படத்தையும் ஒலியையும் மாற்றாது வேறொரு கொள்கலத்தில், சான்றாக எம்.கே.வீ. கோப்பில், இடுவது இரண்டாவது. எச்.264 போன்ற புதிய முறையில் மீளச் சுருக்கி எம்.பீ.4 ஆக்குவது மூன்றாவது. இதனால் அளவு பெரிதுங் குறையும், தரமும் சிறிது குறையும். கொள்கலமும் சுருக்கமுறையும் வேறு வேறு என்பதை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பெட்டி வேறு, பெட்டியிலுள்ள பண்டம் வேறு.

பொறிமுறையில் உடைந்த பூட்டு சட்டத்தில் நிலைத்து நின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய காப்பை உடைத்தலையே குற்றமாக்கிற்று, டீ-சீ.எஸ்.எஸ். மென்பொருளை வெளியிட்ட சஞ்சிகையொன்று 2000ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. நோர்வேயிலோ, தான் வாங்கிய வட்டைத் தான் திறத்தல் பிறர் உடைமையிற் புகுதலாகாது என்னும் நோக்கில் 2003ஆம் ஆண்டு சனவரியில் யோஹான்சன் விடுதலையானான். மேன்முறையீட்டிலும் அவ்வாண்டு டிசெம்பரில் அத்தீர்ப்பே உறுதியாயிற்று. அமெரிக்காவும் 2006ஆம் ஆண்டில், திரைப்படக் கல்வி கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் வகுப்புக்கு வேண்டிய பகுதிகளை எடுத்தற்கு விலக்களித்தது. ஒரே செயல் ஒரு நாட்டிற் குற்றமாயும் மற்றொரு நாட்டில் உரிமையாயும் கொள்ளப்பட்டமை சிந்திக்கற்பாலது.

ஆக்கியோனின் உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். இரவல் வட்டைப் பிரதிசெய்து விற்றல் களவே. ஆயினும் வட்டுகளும் அழிவன. அவற்றின் படைகள் காலப்போக்கிற் சிதைகின்றன. வட்டியக்கி இல்லாத கணினிகளே இன்று பெரும்பாலும் விற்பனையாகின்றன. செல்லரித்த ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதியோர் இன்றேல் நம் முன்னோர் நூல்கள் நமக்குக் கிட்டியிரா. நேர்மையான விலையும், விலை கொடுத்தோன் தன் பொருளைக் காத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றையொன்று அழியாது நிற்குமாறு சட்டம் வகுத்தலே அறிவுடையோர் கடனாகும்.