பன்னீர் திராட்சை: தெரிந்து சாப்பிடுங்கள்!

பழக்கடையில் நாம் கேட்கிற முதல் கேள்வி, "விதை இல்லாத திராட்சை இருக்கா?" என்பதுதான். விதை இருக்கிற ஒரே குற்றத்துக்காகப் பல வீடுகளில் ஒதுக்கப்படுகிற பழம் பன்னீர் திராட்சை. ஒரு கொத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பேர் வைத்த காரணம் புரியும்!

எந்த ஊர்ப் பழம்?

எங்கள் திருவேங்கடம் பக்கம் கரிசல் பூமி. திராட்சைப் பந்தலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையை ஒட்டி வடக்கே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகப் பந்தல்கள். அங்குள்ள மண்ணும் தண்ணீரும் மலைக்காற்றும் சேர்ந்து, வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெளிநாட்டில் இதன் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. இதைப் பெற்ற இரண்டு ரகங்களில் ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா' என்ற வெள்ளைத் திராட்சை. மணத்துக்குப் பேர் போனது. அதிலிருந்து வெள்ளை ஒயினும் செய்கிறார்கள். நம் பழம் நிறத்தில் கறுப்பு என்றாலும், மணம் அந்தக் குடும்பத்து மணம். ரோஜாவில் இருக்கிற ஜெரானியால் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

சித்த மருத்துவத்தில் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று பெயர். இனிப்புச் சுவை பித்தத்தைத் தணிக்கும், கபத்தைக் கூட்டும். வெயில் காலத்து உடல் சூடு, நாவறட்சி, மலச்சிக்கல் இவற்றுக்கு நல்லது. சளி பிடித்திருக்கும்போது தவிர்த்து விடுங்கள்.

ரத்தம் ஊறுமா?

"டாக்டர், பொண்ணுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னாங்க. மாத்திரை சூடுன்னு நிறுத்திட்டு, ரெண்டு மாசமா கறுப்புத் திராட்சை ஜூஸ் கொடுக்குறேன்" என்று சொல்லும் தாய்மார்கள் எத்தனையோ பேர். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்!

ஜூஸின் நிறத்தைப் பார்த்து ஏமாந்து போகிறோம். அந்த நிறம் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. அது இரும்புச் சத்து அல்ல. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. 100 கிராம் திராட்சையில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ரத்த சோகைக்கு நாங்கள் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பு சேர்ந்த மருந்துதான். பிள்ளை படியேறும்போது மூச்சு வாங்கினால், முகம் வெளுத்தால், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளு இவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம்.

ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

இதுவும் அடிக்கடி வருகிற கேள்வி. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. தோலோடு பழத்தைச் சாப்பிடுங்கள், போதும்.

யார், எப்படிச் சாப்பிடலாம்?

* சர்க்கரை நோயாளிகள்: 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் 10 பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

* சின்னக் குழந்தைகள்: 5 வயது வரை முழுப் பழமாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும். விதையை எடுத்து, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

* மலச்சிக்கல் உள்ள பிள்ளைகள்: 10 உலர்ந்த திராட்சையைக் கழுவி, இரவு வெந்நீரில் ஊறப் போடுங்கள். காலையில் பிசைந்து, வடிகட்டிக் கொடுக்கலாம்.

* ஆஸ்துமா உள்ளவர்கள்: பொன்னிறத்தில் பளபளக்கும் உலர்ந்த திராட்சையில் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். அது சிலருக்கு இழுப்பைத் தூண்டும். கறுப்பு நிறத்தது நல்லது.

* எல்லோரும்: பழத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் இயற்கையான மெழுகு. ஆனாலும் கொடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் 10 நிமிஷம் போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

ஜூஸாக அடித்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். கொத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்து, தோலோடு மென்று, விதையைத் துப்பிச் சாப்பிடுங்கள். நிதானமாகச் சாப்பிட்டால் கொஞ்சத்திலேயே திருப்தி வந்துவிடும். வாசனையும் வாயில் நிற்கும்!