தலை போகிற விஷயம் – 9: அரப்புக்கு ஒரு வாரம்

போன வாரம் எண்ணெய்ச் சுரப்பிகளோடு நிறுத்தியிருந்தோம். உச்சந்தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருப்பவை, ஹார்மோன் சொன்னால் கேட்பவை, நாம் சொன்னால் கேட்காதவை. முன்கதை அவ்வளவுதான். மற்றதற்குப் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம், பிசுக்குத் தலைக்காரர்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிக்கலாம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி, "சீயக்காயைப் பத்தி வாரக்கணக்குல எழுதறீங்களே, அரப்புன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமுங்களா?" என்று கேட்டு எழுதிவிட்டார். தெரியும்தான். ஆனால் அவர் கேட்ட தோரணையில், தெரிந்தது போதாது என்று பட்டது. கட்டுரை தடம் மாறியது இப்படித்தான்.

சென்னை வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அரப்பு என்பது ஒரு மரத்தின் இலை. கொங்கு நாட்டில் அந்த மரத்துக்கே அரப்பு மரம் என்றுதான் பெயர். மதுரைப் பக்கம் உசிலை என்பார்கள். தாவரவியல்காரர்களுக்கு அல்பிசியா அமரா. வானம் பார்த்த காடுகளில், கரட்டோரங்களில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிற மரம். இலை புளிய இலையைவிடப் பொடிசாக இருக்கும். அதைப் பறித்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்தால் அரப்புத்தூள். சீயக்காய் காயைப் பொடிப்பது, அரப்பு இலையைப் பொடிப்பது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் சந்தைக்குப் போனதில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு வாரச்சந்தையில் தூளைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். "பச்சை தெரியோணுஞ் சாமி. பழுப்பேறியிருந்தா அது போன வருசத்துத் தூளுங்க. வெயில்ல காயப்போட்டதும் இப்படித்தான் செத்துப் போயிரும்." வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நிறம்தான் தேதி.

குழைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் தண்ணீரில் குழைத்தால் கையில் நிற்காது, முழங்கை வழியாக ஓடிவிடும். சோறு வடித்த கஞ்சியில் குழைக்க வேண்டும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து தூளைப் பிடித்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான கஞ்சியில் தூளைப் போட்டு விரலால் அளைந்தால் முதலில் கட்டி தட்டும், பிறகு வழவழவென்று வரும். பறித்த தழையின் பச்சை வாசம் எழும். அந்தப் பதத்தில் எடுத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தேய்க்க வேண்டும். நுரை பெரிதாக வராது. 'நுரைக்கலையே, அழுக்குப் போகுமா?' என்கிற சந்தேகம் நமக்கு விளம்பரங்கள் கற்றுக்கொடுத்தது. அழுக்கை எடுப்பது நுரையல்ல, இதை இத்தொடரில் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

எடுப்பது சபோனின். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் அரப்பிலும் இருப்பது இதுதான். அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும், இன்னொரு பக்கம் தண்ணீரோடு ஒட்டும். மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கைவிட்டுப் பேசுகிற தரகர் மாதிரி, ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு பேரைச் சேர்த்துவைத்து வியாபாரத்தை முடித்துவிடுகிறது. தலையிலிருக்கும் எண்ணெய் தண்ணீரோடு கிளம்பிப் போகிறது. ஷாம்புவிலுள்ள சோடியம் லாரெத் சல்பேட் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. சபோனினுக்கு அவ்வளவு வேகம் போதாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகும் முடியில் லேசாக மினுமினுப்பு மிஞ்சுவது அதனால்தான்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான் வருகிறது. இதே அரப்பை இயற்கை விவசாயிகள் வயலுக்கும் கொண்டுபோகிறார்கள். அரப்பு மோர் கரைசல் என்று பெயர். அரப்பு இலையை அரைத்துப் புளித்த மோரில் கலந்து, ஒரு வாரம் நொதிக்கவிட்டு, வடிகட்டி, தண்ணீர் விளாவிப் பயிருக்குத் தெளிப்பார்கள். பூ நன்றாகப் பிடிக்கும், பூச்சி அண்டாது என்பது அவர்கள் அனுபவம். பயிர் வளர்ச்சிக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. பயிர் இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெறும் தண்ணீரைத் தெளித்தால் முத்துமுத்தாக உருண்டு விழுந்துவிடும். சபோனின் கலந்த தண்ணீரோ உருளாமல் பரவிப் படியும், ஏனென்றால் அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. பிசுக்குத் தலையில் முதல் சொம்புத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மெழுகு, இங்கே சீபம் என்கிற தலை எண்ணெய். குழம்புவதும் ஒரே தண்ணீர், வழிக்குக் கொண்டுவருவதும் ஒரே அரப்பு. வெண்டைச் செடிக்குத் தெளித்துவிட்டு, மிச்ச அரப்பைச் சனிக்கிழமை தன் தலைக்கு வைத்துக்கொள்கிற விவசாயிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்குத்தான் அரைப்பக்கம் போய்விட்டது.

போனது போகட்டும், அரப்பு வீட்டைவிட்டுப் போன கதையையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கடலூருக்குப் போக வேண்டும். சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். வெல்வெட் ஷாம்பு வந்தது. பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஒரு குளியலுக்கான ஷாம்புவை வாங்க முடிந்தது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். ஆட்கள் பழகியதும் சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். பெட்டிக்கடை வாசலில் ஷாம்புச் சரம் தொங்கத் தொடங்கியதும், இடித்துச் சலித்து கஞ்சிக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? குக்கர் வந்த வீட்டில் வடிகஞ்சியும் இல்லை. அரப்பு இரண்டு பக்கமும் அடிவாங்கியது.

அரப்பைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் தொல்லைகளும் தெரியும். எவ்வளவு அலசினாலும் பொடி கொஞ்சம் தங்கி, மறுநாள் சீப்பில் வரும். கண்ணில் பட்டால் எரியும். தூளை உலர்ந்தபடியே கொட்டினால் தும்மல் பிடிக்கும். ஆஸ்துமாக்காரர்கள் வேறு யாரையாவது குழைத்துத் தரச் சொல்வது நல்லது. மாடி வீட்டுக் குளியலறையில் சாக்கடை அடைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அரப்பு தேய்த்தால் எண்ணெய் சுரப்பது குறையும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். இருக்கிற எண்ணெயை எடுக்கும், ஊறுவதை நிறுத்தாது. ஷாம்புவும் அப்படித்தான்.

அரப்போ ஷாம்புவோ, பிசுக்குத் தலைக்குத் தேய்க்கிற முறை ஒன்றுதான். எண்ணெய் ஊறுவது தோலில், முடி நுனியில் அல்ல. ஆகவே தேய்ப்பதும் தோலில்தான். ஷாம்புவை உச்சியில் அப்படியே கொட்டாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கலந்துகொண்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேயுங்கள். வழிந்து இறங்குகிற நுரையே நீள முடிக்குப் போதும். கண்டிஷனர் போடுகிறவர்கள் காதுக்குக் கீழே மட்டும் போடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். தேய்த்த நேரத்தைவிட அலசுகிற நேரம் கூடுதலாக இருக்கட்டும்.

'குளித்த அன்றைக்கே பிசுபிசுக்கிறது' என்று எழுதுகிறவர்களில் சிலருக்கு அது எண்ணெயே அல்ல. போர் தண்ணீரும் குளியல் சோப்பும் சேர்ந்து செய்கிற வேலை. கடினநீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்கிறது. வாளி ஓரத்தில் வெள்ளையாக வளையம் கட்டுகிறதே, அதேதான். போதாக்குறைக்குத் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்போ காரம். ஷாம்புவில் இந்தப் படிவம் வராது.

உதவி ஆசிரியரின் போன் வந்துவிட்டது, பக்கமும் முடிந்துவிட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்கிற கணக்கையும், பொடுகுத் தலையில் எண்ணெய் ஊறவைக்கலாமா என்பதையும் அடுத்த வாரம் சேர்த்தே பார்ப்போம். அவசரக்காரர்களுக்கு மட்டும் சுருக்கமாக: பிசுக்கேறினால் தினமும்கூடத் தலைக்குக் குளிக்கலாம், அடிக்கடி கழுவுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு சுரப்பி கூடுதலாகச் சுரக்காது. மேலுக்குத் தேய்க்கிற சோப்பை மட்டும் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.