கட்டுமான இடத்தில் லேப்டாப்புக்கு மின்சாரம்

வீடு கட்டும் பலர், வரைபடம் பார்க்கவும் கணக்கு எழுதவும் லேப்டாப்பைக் கட்டுமான இடத்திற்கே எடுத்துச் செல்கின்றனர். அங்கு எந்த மின்சாரத்தில் இணைக்கலாம்?

1. தற்காலிக இணைப்பு: மின் வாரியத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம். தமிழ்நாட்டில் இதற்குத் தனிக் கட்டணம். வீட்டு இணைப்பைவிட அதிகம். அதை மிச்சப்படுத்தப் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்காதீர்கள். பக்கத்து வீட்டு இணைப்பைக் கட்டுமானத்திற்குப் பயன்படுத்துவது விதிமீறல். ஈரத் தரையில் கிடக்கும் வயர் உயிருக்கே ஆபத்து. எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் இருக்கட்டும்.

2. ஜெனரேட்டர்: 1 குதிரைத் திறன் மோட்டாரின் திறன் 746 வாட்ஸ். ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய ஜெனரேட்டர் என்றால் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். அதே ஜெனரேட்டரில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஓடினால் ரீஸ்டார்ட் ஆகலாம்; சேமிக்காத பைல் போய்விடும். யூ.பி.எஸ். இருந்தாலும் அடிக்கடி பேட்டரிக்கு மாறி, விரைவில் சார்ஜ் இழக்கும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் சீரான மின்சாரம் தரும். எதுவானாலும் அறைக்குள் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

3. லேப்டாப் பேட்டரி: இதுவே எளிய வழி. பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்; ஆனால் திடீர் உயர் வோல்டேஜைத் தாங்காது. எனவே வீட்டிலேயே முழுமையாக சார்ஜ் செய்துகொண்டு செல்லுங்கள். அங்கு சார்ஜ் செய்ய நேர்ந்தால், மோட்டார் போடும் முன் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.