ஆமைக் குஞ்சுக்கு ஏற்ற படுக்கை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆயின், ஐரோப்பிய நாடுகளிலே ஆமையை விரும்பி வீட்டில் வளர்ப்போர் பலர். மத்தியதரைக் கடலை அடுத்த நாடுகளுக்குரிய ஹெர்மான் ஆமை அங்கே சிறுவரின் பிரியத்துக்குரிய வளர்ப்புப் பிராணியாகும். ஆமை புகுந்ததனால் அவ்வீடுகள் கெட்டனவோ இல்லையோ, வீடு புகுந்ததனால் ஆமைகள் கெடுவதுண்டு. அக்கேட்டுக்கு ஒரு முக்கிய காரணம் குஞ்சின் கீழே விரிக்கப்படும் படுக்கையே.

ஓடு கூம்புவது ஏன்?

நன்கு வளர்ந்த ஹெர்மான் ஆமையின் ஓடு கவிழ்த்த கிண்ணம்போல் சீராக இருக்கும். பேணுதல் தவறினாலோ ஓட்டின் ஒவ்வொரு தகடும் சிறு கோபுரம்போல் கூம்பி எழும்பும். ஒருமுறை கூம்பிய ஓடு மீண்டும் சீராவதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல அப்பிராணி, குஞ்சுப் பருவத்தில் நேர்ந்த குறையை வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியதாகின்றது.

புரதம் மிகுந்த உணவே இதற்குக் காரணம் என்று முன்னர் பலர் கருதினர். வியன்னா நகரத்து ஆய்வாளர்கள் ஆபிரிக்க ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு அளவான ஈரப்பதனிலும் உணவிலும் வளர்த்து, 2003 ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளின் ஓடுகளே பெரிதும் கூம்பின. புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. இயற்கையிலே குஞ்சுகள் புற்பற்றைகளின் அடியிலும் சருகின் கீழும் ஈரமண்ணிலும் ஒளிந்து பெரும்பொழுதைக் கழிப்பதை நோக்கினால் இதன் பொருள் விளங்கும்.

இங்கிலாந்தின் செல்போர்ண் கிராமத்துப் பாதிரியார் கில்பேட் வைற், 1789 இல் வெளிவந்த தமது நூலிலே, திமொத்தி என்னும் ஆமை குளிர்காலத்துக்கு முன் முன்னங்கால்களால் மண்ணைத் தோண்டித் தன்னைப் புதைத்துக்கொண்ட விதத்தை விவரித்துள்ளார். ஆமைக்கு மண் மிதித்து நடக்கும் தரை மட்டுமன்று, போர்வையும் அதுவே.

விலக்க வேண்டியவை

படித்து முடித்த பத்திரிகைத் தாளை விரிப்பது எளிது. ஆனால் அது வழுக்கும், தோண்ட இடந்தராது, ஈரத்தையும் காக்காது. தனி மணல் கண்ணை உறுத்தும். உணவோடு வயிற்றுட் சென்று குடலை அடைக்கவும் கூடும். தேவதாரு, பைன் முதலிய மரங்களின் சீவல்களிலுள்ள வாசனை எண்ணெய்கள் சுவாசத்துக்குத் தீங்கானவை.

விரிக்க வேண்டியவை

இரசாயன உரமோ பூச்சிநாசினியோ கலவாத மண்ணுடன் தென்னந்தும்புத் தூளைக் கலந்து, 3 அங்குல ஆழத்துக்குக் குறையாமல் பரப்புதல் நன்று. மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் இத்தூள், எமது நாட்டிலே ஒருகாலத்தில் வீணே குவிந்து கிடந்தது. இன்று அது செங்கற்கள்போல் அழுத்தப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகின்றது. தன் நிறையைப்போற் பல மடங்கு நீரை அது ஏந்தி வைத்திருக்கும். தனியே இட்டால் உலர்ந்து தூசியாகும் என்பதனாலேயே மண் சேர்க்க வேண்டியுள்ளது. உணவைத் தட்டையான கல்லொன்றின் மீது வைத்தால் தூள் வாயிற் போகாது.

ஈரமும் வெப்பமும்

ஈரம் என்றதும் சேறாக்கிவிடலாகாது. கலவையில் ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள்: உருண்டையாக நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. கூட்டின் மூலைகளில் நீரை ஊற்றினால் அடிப்பகுதி நனைந்திருக்க, மேற்பரப்பு ஓரளவு உலர்ந்திருக்கும். ஒரு பக்கத்தில் விளக்கின் கீழே 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், மறுபக்கம் குளிர்ந்திருக்கவேண்டும். ஈரத்துடன் குளிரும் கூடினால் சுவாச நோய் பற்றும். ஓயாத ஈரத்தினால் அடியோடும் அழுகும்.

எச்சத்தை நாள்தோறும் அகற்றுங்கள். பூஞ்சணம் கண்டால் படுக்கையை மாற்றுங்கள். ஆமையைத் தொட்டபின் சிறுவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். ஆமைகளிடமிருந்து சல்மொனெல்லா என்னும் கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதனால், 4 அங்குலத்திலும் சிறிய ஆமைகளை விற்பதற்கு அமெரிக்கா 1975 இல் தடைவிதித்தது.

எமது நாட்டு ஆமை

இவற்றைப் படித்த மாணவர் எவரேனும் புத்தளத்திலோ மன்னாரிலோ பற்றைக்காட்டில் காணும் நட்சத்திர ஆமையை வீட்டுக்குக் கொண்டுவர எண்ணலாகாது. அது இலங்கைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்ட உயிர்; 2019 இல் அதன் சர்வதேச வர்த்தகத்துக்கும் கடுந்தடை விதிக்கப்பட்டது. மழைநீர் ஊறிய மண்ணும் உதிர்ந்த சருகும் அதற்கு இயற்கை விரித்த படுக்கை. அதனைக் கலைக்காது விடுவதே நாம் அதற்குச் செய்யத்தக்க உபகாரம்.